குளிக்காத எம்.டி.யும் ஒழுகும் குழாயும்

தண்ணி லாரின்னா நமக்கு உடனே சென்னைதான் ஞாபகம் வரும். ஆனா மழைக்குப் பேர்போன இங்கிலாந்துலயே 1995-ல சுமார் 700 டேங்கர் லாரிகள் ராத்திரி பகலா தண்ணி அடிச்சிருக்கு. இடம், வடக்கே இருக்கிற யார்க்‌ஷயர். லாரி விட்டது அரசாங்கம் இல்லை. பங்குச்சந்தையில் இருந்த யார்க்‌ஷயர் வாட்டர் என்ற தனியார் கம்பெனி.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1974-ல் இருந்து இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க 10 வட்டார நீர் ஆணையங்கள், எல்லாமே அரசாங்கத்துடையவை. அந்தக் காலமும் பொற்காலம் இல்லை. செலவைக் குறைக்கிறேன்னு அரசு முதலீட்டை இறுக்கிப் பிடித்தது. விக்டோரியா காலத்துக் குழாய்கள் அப்படியே கிடந்தன, கடற்கரைகள் நாறின. 1989-ல் தாட்சர் அரசு பத்தையும் விற்றுவிட்டது. பிரான்ஸில் குழாய் ஊருடையது, தனியாருக்கு நடத்தும் குத்தகை மட்டும்தான். இங்கே அணை, குழாய், சாக்கடை எல்லாமே கைமாறியது.

விற்ற விதம்தான் சுவாரஸ்யம். கம்பெனிகளின் பழைய கடன் ஏறக்குறைய 500 கோடி பவுண்டு தள்ளுபடி. அதுக்கு மேல 150 கோடி பவுண்டு ரொக்கமா கையில். இதுக்கு அவங்க வெச்ச பேரே "பசுமை வரதட்சணை"! (சீர் கொடுத்து அனுப்பின பொண்ணு எப்படிக் குடித்தனம் பண்ணுதுன்னு பாருங்க.)

கட்டணம் விலைவாசியை முந்திக்கொண்டு ஏறியது. 1991-92 என்ற ஒரே வருஷத்தில், பணம் கட்டலைன்னு 21,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் தண்ணீரை நிறுத்தினார்கள். வீட்டுக் குழாயை இப்படி மூடக்கூடாதுன்னு சட்டம் வர 1999 ஆனது.

இந்த நிலைமையில்தான் 1995 கோடை. மழை பொய்த்தது, யார்க்‌ஷயரின் மேற்குப் பக்கத்து நீர்த்தேக்கங்கள் வற்றின. சிக்கனமா இருங்கன்னு கம்பெனி மக்களைக் கெஞ்சியது. ஜனங்க திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "நீ முதல்ல உன் குழாயை அடைச்சியா?" நியாயமான கேள்விங்க. சுத்திகரித்து அனுப்பின தண்ணீரில் கால்பங்குக்கு மேல் வழியிலேயே மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் குறையாமல் போய்க்கொண்டிருந்தது.

அப்போ நிர்வாக இயக்குநர் ஒரு காரியம் பண்ணார். முன்மாதிரியா இருக்கணும்னு, தான் மூணு மாசமா குளிக்கவே இல்லை, கொஞ்சூண்டு தண்ணியில் உடம்பைத் துடைத்துக்கொள்வதாகச் சொன்னார். அப்புறம்தான் குட்டு உடைந்தது. பக்கத்து வட்டாரத்தில் இருந்த சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வந்திருக்கார் மனுஷன் :-)

சிரிச்சாச்சு. ஆனா விஷயமே இங்கதான் இருக்கு. அவருக்கு வேற ஊர்க் குழாய் இருந்தது, பில் கட்டுற ஜனத்துக்கு இல்லை. சோப்பு பிடிக்கலைன்னா வேற சோப்பு வாங்கலாம். ஒரு தெருவுக்கு ஒரே குழாய்தான். வாடிக்கையாளர் விட்டுட்டுப் போகமுடியாத கடைக்குப் போட்டியும் இல்லை, பயமும் இல்லை. அணை, குழாய் மாதிரி மக்களோட நம்பிக்கையும் தண்ணீர் விநியோகத்தில் ஒரு பாகம். வறட்சி வந்து அது தேவைப்பட்டபோது யார்க்‌ஷயரில் அது இருப்பில் இல்லை. சுமார் 4 கோடியே 70 லட்சம் பவுண்டு செலவழித்து லாரி விட்டார்கள்.

ஒழுகல் எப்போ குறைந்தது தெரியுமா? 1994-95-ல் இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்த்து தினம் சுமார் 510 கோடி லிட்டர் ஒழுகியது. 1997-ல் வந்த புது அரசு கம்பெனிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியது. ஒழுகலைக் குறைக்கக் கட்டாய இலக்குகள் வந்தன. 2000-01-க்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. ஆக, அதுவரைக்கும் முடியாமல் இல்லை, அடைக்கவேண்டிய அவசியம் வரலை, அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்துக்காரங்க இன்னும் உஷார். 1994 மார்ச்சில் ஸ்ட்ராத்கிளைட் வட்டாரக் கவுன்சில் தபால் வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்த 12 லட்சம் பேரில் 97 சதவீதம், அரசின் திட்டம் வேண்டாம்னுட்டாங்க. அங்கே தண்ணீர் இன்னும் பொதுத்துறையில்தான் இருக்கு.

நியாயமா சொல்லணும்னா, தனியார்மயத்துக்குப் பிறகு முதலீடு கூடியது, குடிநீர்த் தரமும் மேம்பட்டது. ஆனா அந்தச் செலவைக் கட்டணமாகக் கட்டினது ஜனங்கதான். கடனே இல்லாமல் கல்யாணமாகிப் போன கம்பெனிகள் பிற்பாடு பல்லாயிரம் கோடி பவுண்டு கடனில் மூழ்கின. தேம்ஸ் வாட்டருக்குக் கழிவுநீர் விவகாரத்திலும் டிவிடெண்ட் விவகாரத்திலும் 2025 மே மாதம் 12 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம். அதே வருஷம் ஜூலையில், கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆஃப்வாட் அமைப்பையே கலைக்கப்போவதா அரசு அறிவித்தது.

இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்த யார்க்‌ஷயர் ஜனங்க கேட்ட கேள்விக்குப் பதில் வரலை. குழாயை யார் வேணா வெச்சுக்கட்டும். அது ஒழுகினா, காசு கட்டுறவன் யாருடைய சட்டையைப் பிடிக்கணும்?