மாடு எத்தனைங்கறது இல்ல, எத்தனை நாளுங்கறதுதான்

"மாடு அதிகமாயிடுச்சு, அதான் புல்லு காலி." மேய்ச்சல் நிலம் கட்டாந்தரையாப் போனா எல்லாரும் சொல்ற காரணம் இதுதான். இது பாதிதான் உண்மைன்னு சொன்னவர் ஆந்த்ரே வுவாசான்.

பொட்டி தட்டுறவனுக்கு மாட்டுக் கதை எதுக்குன்னு கேக்காதீங்க. இவரும் கிட்டத்தட்ட நம்ம ஜாதிதான் :) 1903-ல் பிரான்சில் பிறந்து, பாரிஸில் இயற்பியலும் வேதியியலும் படித்தவர். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் நார்மண்டியில் இருந்த தன் பண்ணைக்குத் திரும்பி, மாடு புல்லை எப்படிக் கடிக்குதுன்னு கவனிக்க ஆரம்பிச்சார். 1957-ல் புல்லின் விளைச்சல் பற்றிய அவரோட புத்தகம் வெளிவந்தது.

நிலத்தைப் பல கட்டமாப் பிரித்து, மாடுகளை ஒவ்வொன்றாக மாற்றி மேய்க்கிற யோசனை அவர் கண்டுபிடிச்சது இல்லை. ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1777-லேயே, பதினைந்து இருபது கட்டமாப் பிரிங்கன்னு எழுதி வச்சிருக்கார். முதல் உலகப்போர் சமயத்தில் ஜெர்மனியின் ஹோஹென்ஹெய்மிலும் இந்த முறை இருந்தது. வுவாசான் கேட்ட கேள்வி வேற. திரும்ப எப்போ வரணும்?

கடிபட்ட புல்லில் இலை இருக்காது. வேரிலும் அடித்தண்டிலும் இருக்கிற சேமிப்பை எடுத்துத்தான் முதல் தளிர் வரும். அதனால ஆரம்பத்துல வளர்ச்சி மந்தம். இலை கொஞ்சம் விரிந்ததும் குபுகுபுன்னு ஏறும். முற்றினா மறுபடி மந்தம். அந்தத் தளிரையே மாடு மறுபடி கடிச்சா சேமிப்பு தீர்ந்து புல் செத்துடும். ஒரே ஒரு மாடு மாசக்கணக்கா நின்னாலும் இது நடக்கும். அதனாலதான் ஒரு கட்டத்தில் மூணு நாளைக்கு மேல் மாட்டை நிறுத்தாதேன்னார்.

அவர் ஊரில் மே, ஜூனில் புல்லுக்கு 18 நாள் ஓய்வு போதும். ஆகஸ்ட், செப்டம்பரில் 36 நாள் வேணும். ஓய்வைப் பாதியாக்கினால் கிடைக்கிற புல்லும் பாதியாகும்னுதானே நினைப்போம்? மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

இங்கதான் வில்லங்கம். கட்டத்துக்கு ஒரு நாள்னா மே மாசத்துக்கு 19 கட்டம் போதும், ஆகஸ்டுக்கு 37 வேணும். 19-ஐ மட்டும் வச்சிருக்கிறவர் ஆகஸ்டில் 18 நாளிலேயே திரும்பி வந்துடுவார். புல் கம்மியா இருக்கும். அரை நாளில் தீர்ந்ததும் அடுத்த கட்டத்துக்கு ஓட்டுவார். ஓய்வு 9 நாளாகும், புல் இன்னும் குறையும், இன்னும் வேகமா ஓட்டுவார். சர்வர் மந்தமா இருக்குன்னு திரும்பத் திரும்ப ரெஃப்ரெஷ் அடிச்சு அதை மொத்தமாப் படுக்க வைக்கிற கதைதான். புல் மெதுவா வளரும்போது மாடும் மெதுவாச் சுத்தணும். மனசு சொல்றதுக்கு நேர் எதிர்!

அதுக்கு என்ன பண்றது? 37 கட்டமாவே பிரிச்சுக்கணும். வசந்தத்தில் 19-ஐ மேய்த்துவிட்டு மீதி 18-ஐ அறுத்து வைக்கோல் மாதிரி காயவச்சு எடுத்துக்கணும். கோடையின் கடைசியில் எல்லாக் கட்டத்தையும் சுற்றில் சேர்க்கணும். அதுவும் பத்தலைன்னா மாட்டைக் குறைக்கணும், இல்ல காயவச்ச புல்லைப் போடணும். நிலம் கம்மியா இருக்கிறவருக்கு இதைவிட நேர்மையான கணக்கை நான் பார்த்ததில்லை.

இவர் புத்தகங்களைப் படிச்ச ஃபிடல் காஸ்ட்ரோ, 1964 டிசம்பரில் வகுப்பெடுக்க அவரை கியூபாவுக்கே வரவழைத்தார். அங்கேயே 21-ம் தேதி மாரடைப்பில் போய்ச் சேர்ந்துட்டார் மனுஷன். ஹவானாவின் கொலோன் கல்லறையில்தான் அடக்கம். பிரேசிலில் அவர் முறை இன்னும் அவர் பேரிலேயே நடக்குது.

ஆப்பிரிக்காவில் ஆலன் சேவரி இந்த யோசனையை வறண்ட நிலத்துக்கு எடுத்துட்டுப் போனார். பாலைவனத்தையே மாட்டை வச்சு மீட்கலாம் என்ற அளவுக்கு 2013-ல் பேசினார். அது ரொம்ப ஓவர். 2008-ல் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, வறண்ட மேய்ச்சல் வெளிகளில் சுழற்சி மேய்ச்சலால் தனி லாபம் எதுவும் தெரியலைன்னு சொல்லிடுச்சு. ஆனா அந்தச் சோதனைகளில் நிறைய, காலண்டரைப் பார்த்து மாட்டை மாத்தினவைன்னு ஆதரவாளர்கள் பதில் சொல்றாங்க. அதில் நியாயம் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது. 18-ம் 36-ம் வுவாசானுக்கே நார்மண்டியின் ஈரத்துக்கான எண்கள் மட்டும்தான். வேலியைத் திறக்கும் முன்னாடி அவர் பார்க்கச் சொன்னது புல்லோட உயரத்தை.