பச்சை குத்துதல்: மங்கலும் மறுகுத்தலும்

ஊசியால் தோலைக் குத்தி, அதனுள் மையைச் செலுத்தி, நிலையான உருவங்களை வரையும் கலை பச்சை குத்துதல் எனப்படும். நகையும் நிலபுலனும் மனிதனோடு வருவதில்லை, உடலில் குத்திய பச்சை மட்டுமே இறந்த பின்னும் உடன் வரும் என்னும் நம்பிக்கை இந்தியக் கிராமங்கள் பலவற்றில் உண்டு. ஆனால் அந்தப் பச்சையும் குத்திய நாளில் இருந்தபடியே இருப்பதில்லை. கல்லில் வெட்டிய எழுத்து காற்றாலும் மழையாலும் தேய்வது போல, தோலில் குத்திய கோடு வெயிலாலும் வயதாலும் மங்குகிறது. மங்கியதை மீண்டும் குத்துவது, திருத்துவது, மறைப்பது ஆகியவையும் இக்கலையின் வரலாற்றைச் சேர்ந்தவையே.

பெயரும் நிறமும்

மரபான மையின் மூலப்பொருள் கரி. கரி கருநிறம் உடையது. ஆயினும் அது தோலின் மேலடுக்குக்குக் கீழே தங்குவதால், அதன்மேல் படும் ஒளி தோலில் சிதறி வெளிவரும்போது நீலமும் பச்சையும் கலந்த நிறமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. கருப்பு மையால் குத்தியதற்குப் ‘பச்சை’ என்று பெயர் வந்ததன் பொருத்தம் இதில் விளங்கும்.

கரியின் உறுதிக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1991ஆம் ஆண்டு இத்தாலி, ஆஸ்திரிய எல்லையில் ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஒரு மனிதனின் உடல் கண்டெடுக்கப்பட்டது. ‘ஓட்சி’ என்று பெயரிடப்பட்ட அம்மனிதன் ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். அவன் உடலில் 61 பச்சைக் குறிகள் எண்ணப்பட்டுள்ளன. அவை கரியால் ஆனவை, இன்றும் தெரிகின்றன.

தமிழகத்தில்

தமிழகத்தில் பச்சை குத்துவதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் குறவர் இனப் பெண்கள். ஊர் ஊராகச் சென்று, வீட்டுத் திண்ணையிலோ மர நிழலிலோ அமர்ந்து குத்துவார்கள். கூலியாகத் தானியமோ காசோ பெறுவார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட தம் நூல்களில் இவர்களுடைய தொழிலைப் பதிவு செய்துள்ளார்.

மை செய்யும் முறை எளிமையானது. மஞ்சள் தூளையும் அகத்திக்கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டுவர். அத்திரியை விளக்கெண்ணெய் விளக்கில் இட்டு எரித்து, மேலே புதிய மண்சட்டியைக் கவிழ்ப்பர். சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, நீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை ஆயத்தமாகிவிடும். சில ஊசிகளைச் சேர்த்துக் கட்டி அந்த மையில் தோய்த்துக் குத்துவர். குத்திய இடத்தில் மஞ்சள் பூசுவர். புண் ஆறும் வரை செய்யப்பட்ட பராமரிப்பு அவ்வளவே.

கோலம், தேள், புள்ளி, பெயர் ஆகியவை பெரிதும் விரும்பப்பட்டவை. கணவன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்னும் வழக்கம் இருந்த காலத்தில், அப்பெயரைக் கையில் குத்திக்கொண்ட பெண்கள் பலர். முதிய பெண்களின் முன்கையில் இன்றும் காணப்படும் கோலங்களில் புள்ளிகள் பரந்து ஒன்றோடொன்று கலந்திருக்கும். கையால் குத்தும்போது ஊசி எங்கும் ஒரே ஆழத்தில் இறங்குவதில்லை. மேலாக விழுந்த புள்ளி உதிர்ந்துவிடும். மிக ஆழமாக இறங்கிய புள்ளி பரந்துவிடும். குத்தியவரின் கைத்திறம் எத்தகையது என்பதை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அக்கோலம் காட்டிக்கொடுக்கும்.

பச்சை ஏன் மங்குகிறது?

தோலின் மேலடுக்கு ஏறத்தாழ ஒரு மாதத்தில் முழுவதும் உதிர்ந்து புதிதாகிறது. அங்கே தங்கும் மை அதனோடு போய்விடும். நிலைக்க வேண்டிய மை அதற்குக் கீழுள்ள உள்தோலைச் சென்றடைய வேண்டும். உள்தோலில் நுழைந்த மையை உடல் அயற்பொருளாகவே கருதுகிறது. பெருவிழுங்கிகள் எனப்படும் வெள்ளணுக்கள் அதை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. ஆகவே மை அவற்றுள்ளேயே தங்கிவிடுகிறது.

பெருவிழுங்கி இறந்தால் அந்த மை என்னவாகிறது என்னும் கேள்விக்கு, 2018ஆம் ஆண்டு பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் விடை கண்டனர். எலிகளின் வாலில் பச்சை குத்தி, பின்னர் அங்கிருந்த பெருவிழுங்கிகளை அழித்துப் பார்த்தனர். வெளியே சிந்திய மையைப் புதிதாக வந்த பெருவிழுங்கிகள் பிடித்துக்கொண்டன, உருவம் மாறவில்லை. அணுக்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் காப்பதால்தான் பச்சை நிலைக்கிறது. இக்கைமாற்றத்தில் சிறிதளவு மை நகரக்கூடும். ஒரு பகுதி நிணநீர்க் கணுக்களுக்கும் சென்று சேர்கிறது. கோடுகள் காலப்போக்கில் தடிப்பதும் மங்குவதும் இப்படி நேர்கின்றன. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் நிறமிகளைச் சிதைத்து இதை விரைவுபடுத்துகின்றன. கருப்பு நிலைத்து நிற்கும். மஞ்சள் போன்ற வெளிர் நிறங்கள் விரைவில் வெளுக்கும்.

பொறியும் திருத்தமும்

1876ஆம் ஆண்டு தாமஸ் ஆல்வா எடிசன் படியெடுப்பதற்காக மின்பேனா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் அடிப்படையில் நியூயார்க்கின் சாமுவேல் ஓ'ரெய்லி 1891ஆம் ஆண்டு பச்சை குத்தும் மின்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ஊசி ஒரே ஆழத்தில் விரைவாக இறங்கியதால், பழைய பச்சையின்மேல் மீண்டும் குத்துவதும் எளிதாயிற்று.

திருத்தத்துக்கு அரசாணையே காரணமான நிகழ்வும் உண்டு. கப்பலோட்டிகளிடையே ஆடையற்ற பெண்ணுருவங்களைக் குத்திக்கொள்ளும் வழக்கம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில், ஆபாசமான பச்சை உடையவர்களைக் கடற்படையில் சேர்க்கலாகாது, ஆனால் அதை மாற்றிக்கொள்ள வாய்ப்புத் தரலாம் என்று அமெரிக்காவில் விதி வந்தது. சேர விரும்பிய இளைஞர்கள் பச்சை குத்துவோரிடம் சென்று, தங்கள் கையிலிருந்த உருவங்களுக்குச் சேலை உடுத்துவது போல ஆடை குத்திக்கொண்டனர். பல கலைஞர்களுக்கு அது நல்ல வருவாயைத் தந்தது.

ஊசி எளிதாகப் பரவியபோது நோயும் பரவியது. கல்லீரல் அழற்சியைக் காரணம் காட்டி 1961ஆம் ஆண்டு நியூயார்க் நகரம் பச்சை குத்துவதைத் தடை செய்தது. 1997 வரை அத்தடை நீடித்தது. ஒருவருக்குக் குத்திய ஊசியையே அடுத்தவருக்கும் பயன்படுத்துவதால் கல்லீரல் அழற்சி பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை தொற்றக்கூடும். திருவிழாக் கூட்டங்களில் ஒரே ஊசியால் வரிசையாகப் பலருக்குக் குத்தும் இடங்களில் இந்த ஆபத்து இன்றும் உண்டு.

இன்றைய மறுகுத்தல்

இன்று நகரங்களில் ‘டாட்டூ’ நிலையங்கள் பெருகியுள்ளன. ‘டச் அப்’ எனப்படும் மறுகுத்தல் இரு வகைப்படும். முதலாவது, புண் ஆறிய பின் மை பிடிக்காத இடங்களை நிரப்புவது. இதற்குக் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்திருக்க வேண்டும். ஆறாத தோலில் மீண்டும் குத்தினால் தழும்பு விழும், மையும் பரந்துவிடும். இரண்டாவது, பல ஆண்டுகளுக்குப் பின் மங்கிய உருவத்துக்கு மீண்டும் நிறமேற்றுவது. அடிக்கடி உராய்வுக்கு ஆளாகும் விரல், உள்ளங்கை, பாதம் ஆகிய இடங்களில் குத்தியதற்கு இது விரைவில் தேவைப்படும். மிகவும் பரந்துபோன கோட்டை மறுகுத்தலால் மெல்லியதாக்க முடியாது. அதை லேசரால் வெளுக்கச் செய்யலாம். அல்லது பெரிய உருவத்தால் மூடலாம்.

பச்சையைப் பொலிவுடன் காப்பதற்கான வழிகள் சிலவே. புண் ஆறும் வரை மென்மையான சோப்பால் கழுவித் தூய்மையாக வைத்தல், பொருக்கைப் பிய்க்காதிருத்தல், குளத்திலும் நீச்சல் குளத்திலும் இறங்காதிருத்தல், வெயிலில் காட்டாதிருத்தல் ஆகியவை முதல் வாரங்களுக்கு உரியவை. ஆறிய பின் வெயிலில் செல்லும்போது துணியால் மறைப்பதோ புற ஊதாக் கதிரைத் தடுக்கும் களிம்பைப் பூசுவதோ வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியது.

மறுகுத்தலும் புதிய ஊசிக்குத்தே ஆகும். ஆகவே புதிய ஊசி, தனித்தனி மைக்கிண்ணம், கையுறை ஆகியவற்றை முதல் முறை கேட்டது போலவே கேட்டுப் பெற வேண்டும். மையின் உள்ளடக்கமும் கவனிக்கத்தக்கது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 சனவரி முதல் பச்சை மைகளில் உள்ள ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளது. பழைய பச்சை தடித்தாலோ அரித்தாலோ, அதனருகே மச்சம் வளர்ந்தாலோ, மறுகுத்தலுக்கு முன் தோல் மருத்துவரைக் காண்பது நல்லது. புதிய மை அந்த அறிகுறிகளை மறைத்துவிடும்.

எல்லா மங்கலையும் திருத்த வேண்டியதில்லை என்று கருதுவோரும் உள்ளனர். பாட்டியின் கையில் பரந்துபோன கோலத்தை இன்றைய பொறியால் பெரிய உருவம் குத்தி மூடிவிடலாம். ஆனால் அகத்திக்கரியைக் குழைத்து, ஊசி கட்டி, திண்ணையில் அமர்ந்து அதைக் குத்திய குறவர் பெண்ணின் கைவரிசை அதன் அடியில் மறைந்துவிடும். அப்பெண்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களின் தொழில் விட்டுச்சென்ற சான்று அந்த மங்கிய கோடுகளே.