‘வேணும்’ என்று சொன்ன விசுவாசப் பிரமாணம்



ஆங்கிலத்தில் ‘பிலீவ்’ என்றொரு சொல் உண்டு. பள்ளிக்கூடத்தில் அதற்கு ‘நம்பு’ என்று பொருள் எழுதி மனப்பாடம் செய்தோம். ஆனால் அந்தச் சொல்லை ஆங்கிலேயர் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். ‘நாளை மழை வரும் என்று பிலீவ் பண்ணுகிறேன்’ என்பது ஒன்று. அது வெறும் அபிப்பிராயம். மழை வராவிட்டால் சொன்னவருக்கு நட்டம் எதுவும் இல்லை. ‘ஐ பிலீவ் இன் காட்’ என்பது மற்றொன்று. ‘இன்’ என்ற அந்தச் சின்னச் சொல் சேர்ந்ததும் பேசுகிறவர் தம்மையே ஒருவர் கையில் ஒப்படைத்துவிடுகிறார்.

தாமிரபரணிக் கரையில் பயிர் செய்கிறவருக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ‘பாபநாசத்தில் தண்ணீர் திறப்பார்கள் என்று நம்புகிறேன்’ என்று டீக்கடையில் உட்கார்ந்து யாரும் சொல்லலாம். ‘ஆற்றை நம்பி நாற்றுப் பாவியிருக்கிறேன்’ என்று சொல்கிறவரோ விதைநெல்லை மண்ணில் போட்டுவிட்டவர். நகையை அடகு வைத்துவிட்டவர். சொல் ஒன்றுதான். முதலாமவர் வாயால் சொன்னார். இரண்டாமவர் வாழ்க்கையால் சொன்னார்.

ஞாயிறுதோறும் திருப்பலியில் எழுந்து நின்று நாம் சொல்லும் ‘நம்புகிறேன்’ இவற்றுள் எது? இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன்பு, இதே ஆறு கடலில் கலக்கும் கரையில், ஒரு புனிதரை வருத்திய கேள்வி இது.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கிருந்த மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குச் செபம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. கோவாவில் படித்த, இந்தப் பக்கத்து இளைஞர் மூவரைத் துணைக்கு அழைத்து வந்திருந்தார். இரு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர் சிலரையும் கூட்டி, பல நாள் உழைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கினார். பிறகு அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் ஊர் ஊராக நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்களையும் பெண்களையும் சிறுவர்களையும் ஒன்றுகூட்டி, விசுவாசப் பிரமாணத்தை உரத்த குரலில் சொல்வார். மக்கள் திருப்பிச் சொல்வார்கள். ஒவ்வொரு பிரிவு முடிந்ததும், ‘இதை உறுதியாக விசுவசிக்கிறீர்களா?’ என்று கேட்பார். மக்கள் கைகளைச் சிலுவை வடிவில் மார்பின்மேல் வைத்து, ஒரே குரலில் ‘ஆம்’ என்பார்கள். மற்ற எல்லாச் செபங்களையும்விட இந்தப் பிரமாணத்தையே அதிகமாகச் சொல்ல வைத்ததாக அவரே 1544இல் எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்தப் பிரமாணத்திலேயே ஒரு பிழை இருந்தது. அதே 1544ஆம் ஆண்டில், இந்தக் கடற்கரையில் தம்மோடு உழைத்த பிரான்சிஸ்கு மன்சிலாஸ் என்பவருக்குச் சவேரியார் ஒரு கடிதம் எழுதினார். பிரமாணத்தில் ‘வேணும்’ என்று சொல்லி வருகிறோமே, அது தவறு, அதற்குப் பதில் ‘விசுவாசம்’ என்று சொல்லுங்கள் என்று அதில் திருத்தினார். ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில், மொழிபெயர்த்தவர்கள் ‘எனக்கு வேணும்’ என்று வைத்துவிட்டார்கள்!

அதே கடிதத்தில் இன்னொரு திருத்தமும் உண்டு. இயேசு பாடுபட்டதைச் சொல்லும் இடத்தில், கட்டாயத்தினால் என்று பொருள்படும் ஒரு சொல் புகுந்திருந்தது. அதையும் நீக்கச் சொன்னார். ஆண்டவர் மனமுவந்து பாடுபட்டார், யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது அவர் கொடுத்த விளக்கம். ஓராண்டுக்கு மேலாகத் தாமே கற்பித்து வந்த செபத்தில் பிழை என்று தெரிந்ததும், அதை மறைக்காமல் எழுதித் திருத்திய அவருடைய தாழ்ச்சியை நாம் மறக்கக் கூடாது. அவருக்குப்பின் வந்த ஹென்றி ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, இலக்கணமும் எழுதி, 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ நூலைக் கொல்லத்தில் அச்சிட்டதும் இந்தக் கவலையின் தொடர்ச்சியே. வேதம் போதிக்கிறவனுக்குச் சொல் சரியாக இருக்க வேண்டும்.

‘வேணும்’ என்று வைத்தவர்களைப் பார்த்து நாம் சிரிக்கலாமா? அவசரப்பட வேண்டாம். ஆங்கிலத்தின் ‘பிலீவ்’ என்ற சொல்லின் வேரைத் தோண்டிப் பாருங்கள். ‘அன்புக்குரியதாகக் கொள்’ என்பதே அதன் ஆதிப் பொருள். ‘லவ்’ என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். இலத்தீனில் ‘கிரேதோ’ என்கிறோமே, அதற்கு இதயத்தை ஒன்றில் வைப்பது என்று மூலப்பொருள் சொல்வார்கள். நாம் வழங்கும் ‘சிரத்தை’ என்ற வடசொல் அதற்கு உடன்பிறப்பு. ‘விசுவாசம்’ என்பதற்குள் ‘சுவாசம்’ இருக்கிறது: அச்சம் நீங்கி நிம்மதியாக மூச்சு விடுவது. நம்முடைய ‘நம்பு’ என்ற சொல்லோ எல்லாவற்றையும்விட வியப்பானது. தொல்காப்பியம் அதற்குத் தரும் பொருள் ‘நசை’, அதாவது விருப்பம். பழந்தமிழில் நம்புவது என்றால் விரும்புவது. ஆக, ‘வேணும்’ என்று சொன்ன நம் முன்னோர் சத்தியத்தின் வாசற்படியில்தான் நின்றார்கள்.

ஆனாலும் சவேரியார் திருத்தியது சரியே. ஏனென்றால் ‘வேணும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பொருள் நிற்கிறது. பிள்ளைக்கு வேலை வேணும். மகளுக்கு வரன் வேணும். வலை நிறைய மீன் வேணும். இவற்றைக் கேட்பது பாவமில்லை. தந்தையிடம் கேட்காமல் யாரிடம் கேட்போம்? கேட்டது கிடைக்காத நாளில்தான் நம் பிரமாணத்தில் உள்ள சொல் எது என்பது வெளிப்படும்.

அப்படி ஒரு நாளை நாம் பார்த்தோம். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றும் மறுநாளும் பெய்த மழையை யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். நாம் நம்பிய ஆறே வீட்டுக்குள் வந்தது. பிசான நெல் மூழ்கியது. ஆடு மாடு போயிற்று. உயிர்களும் போயின. அடுத்த ஞாயிறு டிசம்பர் 24. அன்று இரவு கிறிஸ்து பிறப்புத் திருப்பலி. சேறு காயாத வீடுகளிலிருந்து வந்து, நம் மக்கள் எழுந்து நின்று ‘நம்புகிறேன்’ என்றார்கள். எதை வைத்துச் சொன்னார்கள்? கேட்டது எதுவும் கையில் இல்லை. அந்த இரவில் சவேரியாரின் திருத்தம் நம் வாயில் நிறைவேறியது.

சிலருக்கு அன்று அந்தச் சொல் வாயில் வரவில்லை. அதுவும் உண்மை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய ஆயர்கள் தங்கள் பிரமாணத்தை ‘நம்புகிறோம்’ என்று பன்மையில்தான் தொடங்கினார்கள். ஒருவருக்கு நா எழாதபோது, பக்கத்தில் நிற்கிறவர் அவருக்கும் சேர்த்துச் சொல்கிறார். நாம் ஒரே பங்காகக் கூடுவதன் பொருள் அதுதானே?

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன் தன் நம்பிக்கையையும் நம்பிக்கையின்மையையும் ஒரே மூச்சில் ஆண்டவரிடம் கொட்டுகிறான். ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. கெத்சமனியில் ஆண்டவரும் தமக்கு வேண்டியதைத் தந்தையிடம் சொன்னார். சொல்லிவிட்டு, தம்மை மனமுவந்து ஒப்படைத்தார். சவேரியாரின் இரண்டு திருத்தங்களும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன.

ஆகவே, அன்புக்குரியவர்களே, இந்த ஞாயிறு பிரமாணம் சொல்லும்போது ஒரு நொடி நின்று சொல்லுவோம். ‘வேணும்’ என்ற பழைய சொல் நாவில் வந்தாலும் பரவாயில்லை. ‘இது வேணும், அது வேணும்’ என்று கேட்டு முடித்தபிறகு, ‘ஆண்டவரே, எனக்கு நீர் வேணும்’ என்று சொல்லிப் பார்ப்போம். அங்கே வேண்டுதலும் விசுவாசமும் ஒன்றாகிவிடுகின்றன.

கேட்டதைப் பெற்ற நாளிலும், பெறாத நாளிலும், நம்மையே அவர் கையில் வைக்கும் வரத்தை இறைவன் நம் அனைவருக்கும் தருவாராக. ஆமென்.