எழுவர் காத்த அறுபத்து நான்கு தறிகள்

சுல்தான் அஹ்மத் ஷா 1411-இல் நிறுவிய அஹ்மதாபாத் நகரம் நெடுங்காலமாகவே நெசவாற் பெயர் பெற்றது. 1861-இல் ரண்சோட்லால் சோட்டாலால் அங்கு முதல் நூற்பாலையை ஓட்டினார். 1880-இல் தோன்றியது காலிகோ ஆலை. அப்பெயருக்கு மூலம் நமது மேலைக்கரைக் கோழிக்கோடே. அரபு வணிகர் ‘காலிகூத்’ என்றெழுதிய அப்பட்டினம், ஐரோப்பியர் நாவில் துணிக்குப் பெயராகிப் பின்னர் குஜராத்தில் ஓர் ஆலைக்குப் பெயராக மீண்டு வந்தது.

இவ்வாலையின் நிர்வாகம் 1952-இல் தானியங்கித் தறிகளை ஒரு கூடத்தில் நிறுவிற்று. தறிகள் 224, அவற்றைக் கவனிப்போர் 29 பேர். யாருக்கு எத்தனை தறி என்பதைப் பொறியியலார் கடிகாரங் கொண்டு அளந்தே வகுத்தனர். ஆயினும், எதிர்பார்த்த விளைச்சல் வரவில்லை. துணியின் தரமும் உயரவில்லை. இத்தகைய இடங்களில் வழக்கமாக எழும் தீர்ப்பை நாம் அறிவோம்: தொழிலாளி சோம்பேறி, அல்லது புது இயந்திரத்தை ஏற்க மறுப்பவன். ஆலைத் தலைவர் கௌதம் சாராபாய் அத்தீர்ப்போடு நின்றுவிடாமல், லண்டன் டேவிஸ்டாக் நிறுவனத்தின் ஆய்வறிஞர் ஏ. கே. ரைஸை அழைத்தார். 1953-இல் ரைஸ் அக்கூடத்தினுள் நுழைந்தார்.

அவர் கண்டது கவனிக்கத்தக்கது. 29 பேருக்கிடையே 12 வகை வேலைகள் பங்கிடப்பட்டிருந்தன. அறுந்த இழையை முடிச்சிட்டுத் தறியை ஓட்டும் நெசவாளிக்கு 24 அல்லது 32 தறிகள். ஊடைக்குரிய தார்களை நிரப்புவோருக்கு 40 முதல் 50 தறிகள். பாவிழைகள் கொத்தாக அறுந்துவிட்டால் வந்து பிணைப்பவருக்கு ஏறத்தாழ 75 தறிகள். மேஸ்திரிக்கோ 112. ஒருவருடைய எல்லை மற்றவருடைய எல்லையோடு எவ்விடத்தும் பொருந்தவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால், எட்டு நெசவாளிகளுக்கு ஐந்து தார் நிரப்புவோர், மூன்று பிணைப்போர். அதாவது ஒவ்வொரு நெசவாளிக்கும் ஓர் ஆளில் எட்டில் ஐந்து பங்கும், இன்னோர் ஆளில் எட்டில் மூன்று பங்கும் துணை! காகிதத்தில் இக்கணக்குப் பிழையற்றது. ஆனால் எட்டில் மூன்று பங்கு மனிதனை எவ்வாறு கூவியழைப்பது? தறி நின்றால் யார் பொறுப்பு என்பதை எவரும் சொல்லவியலாத நிலையே அங்கு நிலவியது.

ஒருவேளை உணவுக்குரிய கோதுமையைக் கூட அரைப்பவர், பிசைபவர், சுடுபவர், அவர்களுக்குக் கருவி செய்து தரும் கொல்லர், தச்சர் என்று பலர் கூடாமல் ஒருவன் தனித்துப் பெறவியலாது என்பதை இப்னு கல்தூன் 1377-இல் தமது முகத்திமாவில் விளக்கியிருக்கிறார். பிரிந்து செய்தும் கூடி நிற்பதே அவர் காட்டும் உழைப்பு. காலிகோக் கூடத்திலோ பிரித்தல் மட்டுமே நிகழ்ந்திருந்தது.

ரைஸ் முன்வைத்த கருத்து மிக எளியது: ஒரு தறித்தொகுதிக்கு ஓர் ஆட்குழு. மேற்பார்வையாளரும் தொழிலாளரும் அதை உடனே பற்றிக்கொண்டனர். தம் தோழரைத் தாமே தெரிந்து, 64 தறிகளுக்கு எழுவர் என்று குழு அமைத்தனர். ஒருவர் வேலையில் மற்றவர் கைகொடுத்தனர். தறிகளின் செயல்திறன் நூற்றுக்கு 80 என்ற அளவிலிருந்து 95 வரை உயர்ந்தது. பழுதான துணி நூற்றுக்கு 32-இலிருந்து 20 ஆகக் குறைந்தது. 1958-இல் வெளியான தமது நூலில் ரைஸ் இவற்றை விரிவாகத் தந்துள்ளார். நிர்வாக இயலார் புகழை அவருக்கே சூட்டுகின்றனர். என் எண்ணத்தில், குழுவைக் கட்டிய அந்தப் பெயரறியாத் தொழிலாளருக்கே அதிற் பெரும்பங்கு உரியது.

எனினும் ‘தோழரைத் தாமே தெரிந்தனர்’ என்ற சொற்றொடரை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட என்னால் இயலவில்லை. பழைய தறிகளில் ஊடை நூலின் நுனியை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுப்பது வழக்கம். ஒருவர் வாய்பட்டதில் மற்றவர் வாய்படுமே என்ற தீண்டாமையினால், அஹ்மதாபாத் ஆலைகளின் நெசவுப் பகுதியில் தலித்துகளுக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர்கள் நூற்பில் ஒதுக்கப்பட, நெசவு பெரும்பாலும் முஸ்லிம்களுக்கும் சாதி இந்துக்களுக்கும் உரியதாயிற்று. காந்தியடிகளும் அனசூயா சாராபாயும் 1920-இல் உருவாக்கிய மஜூர் மஹாஜன் சங்கத்திற்கூட நெசவாளர் சங்கமும் நூற்போர் சங்கமும் வெவ்வேறாகவே இயங்கின. ஆகவே, தெரிவு செய்யும் உரிமை வந்தபோது, தெரியப்படும் வரிசையில் நிற்கவே இடமில்லாதோர் அந்நகரில் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அந்த ஒதுக்கலில் நம்மவர்க்கும் பயன் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ரைஸின் தோழர் எரிக் மில்லர் 1970-இல் மீண்டும் அவ்வாலைக்குச் சென்றார். ஒரு கூடத்தில் குழுமுறை ஏறக்குறையப் பழையபடியே நின்றிருந்தது. ஏனைய இடங்களில் அது தேய்ந்து, ஆளுக்கோர் எல்லை என்ற பழைய முறையே திரும்பியிருந்தது. எழுவரின் ஒற்றுமை மட்டும் போதவில்லை. அதைக் குலையாமற் காக்கும் நிர்வாகமும் வேண்டியிருந்தது.

பின்னர் அஹ்மதாபாத்தின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. 1990-களில் காலிகோவும் மூடப்பட்டது. அவ்வாலையின் பெயரால் 1949-இல் தொடங்கிய துணி அருங்காட்சியகம் இன்றும் ஷாஹிபாக்கில் இருக்கிறது.