களத்து மேடும் போகி மேளமும்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பர். அவ்வழி யாருக்கு எந்த ஆண்டில் பிறந்தது என்று கேட்பவர் சிலரே. நம் கல்விச் சங்கம் ஆண்டுதோறும் பொங்கலையொட்டி விளையாட்டுப் போட்டிகளும் கலை நிகழ்ச்சிகளும் நடத்தி வருவதை அனைவரும் அறிவர். பரிசு பெற்றோர் பட்டியலைத் தருவது எங்கள் நோக்கமன்று. மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு வட்டாரத்தில் அறுவடை விழாவின் ஆட்டமும் பாட்டும் யார் உழைப்பால் நடந்தன, அவற்றில் நமக்கிருந்த இடம் யாது, அது எவ்வாறு மாறியது என்பனவற்றை இளைஞர்கள் அறியும்பொருட்டு இங்கே கூற விழைகிறோம்.

போகியிலிருந்தே தொடங்குவோம். சென்னையிலும் அதன் வடபுறத்து ஊர்களிலும் போகி விடியலில் சிறுவர் கையில் ஒரு சிறு மேளம் இருக்கும். வளையத்தின்மேல் தோலை இழுத்துப் போர்த்தியது, குச்சியால் அடிப்பது. பழைய பாயும் முறமும் எரியும் நெருப்பில் அதைக் காய்ச்சி ஓசை ஏற்றிக் கை ஓயுமட்டும் அடிப்பர். தென்மாவட்டத்து நண்பர்களுக்கு இவ்வழக்கம் வியப்பைத் தரும். அந்த ஒரு விடியலில் எந்தச் சாதிப் பிள்ளையும் தோலைத் தொட்டு அடிக்கலாம், தீட்டு என்பதில்லை. கடைவீதியில் விலை பேசி வாங்கித் தருபவரும் தந்தையே! அதே தோல், அதே நெருப்பு, அதே குச்சி ஆண்டின் மற்ற நாட்களில் நம் முன்னோர் கையில் இருந்தபோது இழிவின் அடையாளமாக்கப்பட்டது. இம்முரண்பாடு எங்கிருந்து வந்தது என்பதை அறியக் களத்து மேட்டுக்குச் செல்ல வேண்டும்.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர், கும்பெனியாரின் ஜாகீர் எனப்பட்ட செங்கல்பட்டுச் சீமையில் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். பொன்னேரிப் பகுதியும் அச்சீமையில் அடங்கியதே. விளைச்சலை அரசும் குடியும் பிரித்துக்கொள்ளும் முன்னரே நெற்குவியலிலிருந்து கோயிலுக்கும், கணக்கருக்கும், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதருக்கும், தலையாரி, வெட்டியார் முதலியோருக்கும் இன்னின்ன பங்கு என்று அளக்கப்பட்டதை அக்கணக்குகள் காட்டுகின்றன. இப்பங்குமுறையைச் சிலர் பொற்காலத்து ஒற்றுமையின் சான்றாகப் புகழ்வதுண்டு. நாம் அவ்வளவு தூரம் செல்ல இயலாது. பங்கு என்பது உரிமை போலத் தோன்றினும் அதன் மறுபுறம் கடமை எழுதப்பட்டிருந்தது. களத்தில் மரக்காலால் அளந்து வாங்கியவன், ஊர் அழைத்தபோதெல்லாம் பறையுடன் வந்து நிற்க வேண்டும். சாவுக்கும் அதே பறை, திருவிழாவுக்கும் அதே பறை, மாட்டுப் பொங்கலுக்கும் அதே பறை. மண்ணோடு கலந்த களவடி நெல்லைக் கூட்டி வாரிப் புடைத்து எடுத்த நம் பெண்களுக்கோ, எந்தக் கணக்கிலும் பெயரில்லை.

மாட்டுப் பொங்கலை எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுதும் மாட்டை மேய்த்துக் கழுவிக் காத்தவன் படியாள். அன்று விடியலில் அவற்றை ஏரிக்கு ஓட்டிச் சென்று குளிப்பாட்டியவனும் அவனே. கொம்புக்கு வண்ணம் தீட்டிச் சலங்கை கட்டியபின் மாடு பண்ணையாருடையதாகிவிடும். மாலையில் மாடுகள் தெருவில் ஓட, முன்னே பறை முழங்கும். முழக்கியவர் வீட்டு மாடு, இருந்தால், அத்தெருவில் வரலாகாது. இரவில் தெருக்கூத்து நடக்கும். விடியவிடியப் பாரதக்கதை. நம்மவர் ஒருபுறம் ஒதுங்கி அமர்ந்து பார்த்தனர். கட்டியங்காரனின் நகைச்சுவைக்கு எல்லாரோடும் சேர்ந்து சிரித்தனர். சிரிப்புக்கு மட்டும் எல்லை வகுக்க எவராலும் முடியவில்லை போலும். மறுநாள் பண்ணை வாசலில் ஒரு வேட்டியோ சேலையோ, சிறிது நெல்லோ கிடைக்கும். குனிந்து வாங்க வேண்டும்.

ஏரிக்கரை ஊர்களின் நிலை வேறு. பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில் எவர் வலை வீசலாம் என்பதைப் பாடு என்னும் முறை வகுக்கிறது. பரம்பரை மீனவச் சமூகத்தார் தமக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஒழுங்குள்ள முறையே, ஆயினும் அதற்கு வெளியே நின்றவர்கள் நம்மவரும் இருளரும். ஆழமற்ற நீரில் இடுப்பளவு இறங்கிக் கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்தனர். நெற்களத்தில் அளந்து தரப்பட்ட பங்கு போன்ற ஒன்று கூட நீர்க்களத்தில் இல்லை. தை மாதத்தில் அவர்கள் வீட்டுப் பொங்கலுக்கான அரிசி, இறால் விற்ற காசில் வாங்கியதே.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த டிரமென்ஹீர் 1891-ல் நம் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையின் விளைவாக 1892-ல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. பொன்னேரி வட்டம் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே என்பதை நம் இளைஞர்கள் நினைவில் கொள்க. சொந்த நிலம் இருந்தால்தானே சொந்தக் களம்? சொந்தக் களம் இருந்தால்தானே சொந்தப் பொங்கல்? 1907-ல் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், நாம் கொண்டாடும் பண்டிகைகள் பௌத்தத்திலிருந்து பிறந்தவை என்று விளக்கினார். அவர் கூறிய சொல்விளக்கம் ஒவ்வொன்றையும் மொழியறிஞர் ஏற்பாரோ ஏற்கமாட்டாரோ, பண்டிகை பிறர் நமக்கு இட்ட பிச்சையன்று என்னும் துணிவை அது ஊட்டியது. 1922-ல் எம். சி. ராஜாவின் முயற்சியால் ஆதிதிராவிடர் என்னும் பெயர் அரசு ஏட்டில் ஏறியது. 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையும் கிணறும் எல்லார்க்கும் உரியன என்றது. மாடு ஓடிய தெருவில் மனிதன் நடக்கச் சட்டம் வேண்டியிருந்தது!

அடுத்துப் பறைக்கு வருவோம். தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் முதலியோர் பறையடிக்கும் கடமையை மறுத்து இயக்கம் நடத்தினர். அவ்வெண்ணம் எங்கும் பரவியது. எங்களுள் ஒருவரின் பாட்டனார் ஒரு மாட்டுப் பொங்கலன்று பறையைப் பரணில் ஏற்றிவிட்டு, அழைக்க வந்தவரிடம், “தோல் கிழிந்துபோச்சுங்க” என்றாராம். தோல் கிழியவில்லை. அடுத்த ஆண்டும் அதே விடை. மூன்றாம் ஆண்டில் அழைக்க எவரும் வரவில்லை. களத்து நெல்லும் வரவில்லை. அவ்வாண்டுப் பொங்கலுக்கு வீட்டில் கேழ்வரகுக் கூழ்தான் என்று அவர் மகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் கூழை நாங்கள் சிறிதாக எண்ணுவதில்லை.

அதன்பின் நம் தெருக்களில் நாமே விழா எடுக்கலாயினோம். இளைஞர் மன்றங்கள் தோன்றின. சடுகுடு, உறியடி, வழுக்கு மரம், கயிறிழுத்தல், சிலம்பம், பெண்களுக்குக் கோலப்போட்டி, கும்மி, சிறுமியருக்கு எலுமிச்சம்பழமும் கரண்டியும். வழுக்கு மரத்தில் எண்ணெய் தடவும் பணிக்கு எப்போதும் போட்டி அதிகம். ஏறுவதற்குத்தான் ஆள் குறைவு. பேச்சுப்போட்டிக்குத் தலைப்பு அம்பேத்கர். பரிசாக எவர்சில்வர் டம்ளரும் நோட்டுப் புத்தகமும். மேடை போட்டு ஒலிபெருக்கி கட்டி, நம் வீட்டுப் பெண் பிள்ளை ஒருத்தி பேரெடுத்து அழைக்கப்படுவதைத் தாய் கீழிருந்து கேட்பது எளிய செய்தியன்று.

இவ்விழாக்களில் பறை இருக்கலாமா என்பது எங்கள் சங்கத்தில் பலமுறை எழுந்த கேள்வி. பெரியோர் வேண்டாம் என்பர், பட்டவர்கள் அவர்கள். இளைஞர் வேண்டும் என்பர். 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம் போன்ற மேடைகளில் பறை கலையாக முழங்கியதை இவர்கள் பார்த்திருக்கிறார்கள். 2022-ல் தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடுமாறு தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. 2025-ல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. எங்கள் கருத்து இது: அழைப்பவன் யார், அடிக்க மறுத்தால் என்ன நேரும் என்ற இரண்டையும் கேட்க வேண்டும். மறுக்க முடிந்த இடத்தில் அடிப்பது கலை. இன்றும் சாவு வீட்டில் நம் பிள்ளையை மட்டும் தேடி வருகிறார்களானால், மேடையில் கிடைத்த பொன்னாடை அதை மறைத்துவிடாது.

காணும் பொங்கலைப் பற்றியும் ஒரு சொல். சென்னைக்கு மெரினா போல நம் வட்டாரத்துக்குப் பழவேற்காட்டுக் கடற்கரை. கட்டுச்சோற்றுடன் குடும்பம் குடும்பமாகச் செல்வர். 2011 டிசம்பர் 25-ல் அவ்வேரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். ஆதலால் படகுச் சவாரி ஆசையைப் பிள்ளைகள் விட்டொழிக்க வேண்டும். கரையில் ஆடக் கபடியும் பந்தும் போதும்.

வயல்கள் குறைந்துவிட்டன. சென்னைக்கு நீர் தந்த மீஞ்சூர்க் கிணறுகளில் கடல்நீர் உட்புகுந்தது; அனல் மின்நிலையமும் துறைமுகமும் வந்தன; 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் வந்தது. நெல் தூற்றிய களத்து மேடு பல இடங்களில் வீட்டு மனையாயிற்று. களம் போனதோடு களத்தின் நினைவும் போய்க்கொண்டிருக்கிறது. சப்பரத்து அடி, மருள் அடி, சாமிச் சாட்டு அடி, வாழ்த்து அடி என்று பறையின் அடிகளைப் பிரித்து அறிந்தவர்கள் நம் தெருக்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நடவுப் பாட்டு தெரிந்த பாட்டிமாரும் உளர். அவர்கள் சொல்வதை எழுதவும் ஒலிப்பதிவு செய்யவும் சங்க நூலகத்தில் ஏற்பாடு செய்துள்ளோம். அடிக்க மாட்டேன் என்று பரணில் ஏற்றி வைத்தவர்களும் வரலாம். பறையோடுதான் வர வேண்டும் என்பதில்லை.