ஓதமும் ஆறு மணியும்

நெய்தலுக்கு எற்பாடு என்று பொழுது வகுத்திருக்கிறது இலக்கணம். உரிப்பொருள் இரங்கல். பல ஆண்டுகளாக இதை வகுப்பில் சொல்லிவருகிறேன். கரையில் தலைவி நிற்கிறாள், பொழுது சாய்கிறது, தேர் வரவில்லை. ஒருநாள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "மேம், கரையில காத்திருந்த பொண்ணுங்களத்தான் படிக்கிறோம். வேலை பாத்தவங்க இல்லையா?" உப்பு விற்றவள் இருக்கிறாள், காயும் மீனுக்குப் பறவை ஓட்டியவள் இருக்கிறாள் என்றேன். ஆனால் அவர்களுடைய வேலைக்குப் பொழுது வகுத்தது யார் என்ற கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்ற ஊர். அங்கே 1799இல் ஒரு தச்சரின் மகளாகப் பிறந்தவர் மேரி ஆனிங். கரையோரப் பாறைச் சரிவுகளில் தொல்லுயிர் எச்சங்களைத் தேடி எடுத்து விற்றுப் பிழைத்தவர். அவருக்கு நல்ல காலம் குளிர்காலம்தான். புயலும் மழையும் பாறையைச் சரித்தால்தான் உள்ளே புதைந்தவை வெளியே தெரியும். ஓதம் வற்றும்போது இறங்க வேண்டும். ஏறுவதற்குள் கண்டதை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். பிந்தினால் அலை அடித்துச் சென்றுவிடும். 1833இல் சரிந்த பாறை அவருடைய நாயைக் கண்ணெதிரே கொன்றது. 1823இல் அவர் கண்டெடுத்த, நீண்ட கழுத்துடைய பிளீசியோசாரின் எலும்புக்கூடு, அடுத்த ஆண்டு லண்டன் நிலவியல் கழகத்தில் பேசப்பட்டது. பேசியவர் ஆனிங்கின் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919இல். ஆனிங் 1847இலேயே இறந்துவிட்டார்.

நீரின் நேரம் அறிந்து வேலை செய்யும் பெண்களைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் பக்கம்தான். அங்கே உப்பங்கழியில் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். ஓதம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏற்றமும் வற்றமும் கூடும். கடிகாரம் பார்த்து இந்த வேலை நடக்காது. உலை வைப்பதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் நிலாவோடு சேர்ந்து நகர வேண்டும். இதை அறிவு என்று நாம் எழுதிவைத்ததில்லை. பிழைப்பு என்று சொல்லிக் கடந்துவிட்டோம்.

ஆனிங் தேடிய வகைத் தொல்லுயிர்களும் நமக்கு அருகே உண்டு. கடலூரின் இன்றைய மணலில் அல்ல, மேற்கே, உள்நாட்டில். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூர், அரியலூர், விருத்தாசலம் வரை கடல் உள்ளே வந்திருந்தது. 1840களில் ஆங்கிலேய அதிகாரி கேயும் கன்லிஃப் என்பவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் சேகரித்த கடலுயிர்க் கற்களை, லண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். சுருளோடு கொண்ட அம்மோனைட்டுகளுக்குப் பிரம்மா, விஷ்ணு, இந்திரன், வருணன் என்றெல்லாம் பெயர் வைத்தார். ஒன்றுக்குக் கேயின் பெயர். எந்த ஓடையில் இந்தக் கற்கள் கிடக்கின்றன என்று முதலில் அறிந்தவர்கள் அங்கே ஆடு மேய்த்தவர்களும் களை பறித்தவர்களுமாகத்தான் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்கு என்னை முதலில் அழைத்தவள், ஆய்வு மாணவியாக நான் விடுதியில் இருந்தபோது பக்கத்து அறையில் இருந்த நிலவியல் தோழி. அங்கே அலையின் வேலையை மழை செய்கிறது. ஐப்பசி கார்த்திகை மழை களிமண் மேடுகளை அரித்துவிட்டுப் போனால், துப்பாக்கிக் குண்டு போன்ற பெலம்னைட்டுகளும் சிப்பிகளும் மேலே கிடக்கும். தை மாதம் போக வேண்டும். சித்திரை வெயிலில் நிற்க முடியாது. அந்தத் தையில் அவள் விண்ணப்பம் கொடுத்தாள். விடுதிக் கதவை மாலை ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். அதற்குள் திரும்ப வழியில்லை. அனுமதி கிடைக்கவில்லை. உடன்படித்த ஆண்கள் போய்வந்தார்கள், சாக்குப்பையில் கல்லோடு. மறு ஆண்டும் அதே கதை. அவள் களப்பணியே வேண்டாத தலைப்புக்கு மாறிக்கொண்டாள். "எனக்கு ஆய்வகம்தான் பிடிக்கும்" என்று பிறகு சொல்லத் தொடங்கினாள். நானும் நம்புவதுபோல் இருந்தேன்.

சென்ற தையில் ஆறு மாணவிகளோடு காரைக்குப் போனேன். விடியற்காலை நான்கு மணிக்கு வேன் கிளம்பியது. ஓடைச் சரிவில் ஒருத்தி குனிந்து, விரலால் மண்ணைத் துடைத்து, என் உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்தாள். வரிவரியாக வளைந்த அம்மோனைட். சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பூஜையறையில் சாளக்கிராமம் பார்த்திருக்கிறேன். பொம்பளைப்பிள்ளை தொடக்கூடாது என்று கையைத் தட்டிவிட்டார்கள். கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்களில் இருப்பதும் இதே அம்மோனைட்தான் என்று வெகுநாள் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று தட்டிவிடப்பட்ட கையில் இப்போது அது சூடாக இருந்தது, வெயில் பட்ட கல் என்பதால். படம் எடுத்து, இடம் குறித்துக்கொண்டு, கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டோம்.

மூன்று மணிக்கே விடுதியிலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. பாதி ஓடை பார்க்காமல் திரும்பினோம்.

வகுப்பில் என்னைக் கேள்வி கேட்ட அந்த மாணவி இந்த ஆண்டு விண்ணப்பம் எழுதியிருக்கிறாள். திரும்பும் நேரம் என்ற கட்டத்தில் 'வேலை முடிந்த பின்' என்று நிரப்பியிருக்கிறாள். நான் கையெழுத்திட்டுவிட்டேன். இன்னும் இரண்டு கையெழுத்து வேண்டும். மழை விட்டு ஒன்பது நாளாகிறது. காத்திருக்கிறோம்.