ஒத்து நாயனமும் மின்சாரச் சுருதிப் பெட்டியும்

சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்து கிட்டார் பெடல் செய்வதும், மடிக்கணினியில் டிரம்ஸ் அமைப்பதும் இன்று உங்கள் பிள்ளைகள் சிலருக்குப் பொழுதுபோக்கு. இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று சொல்கிறார்கள். பாதிதான் சரி.

கிட்டாரைக் கரகரக்க வைக்கும் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் பெட்டி 1962-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று டிரான்சிஸ்டர்தான். அதற்குச் சற்று முன் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு கருவி பழுதாகி எழுப்பிய கரகரப்பு காதுக்குப் பிடித்துப்போனது. அதில் பிறந்த யோசனை அது.

நம் பக்கத்திலும் டிரான்சிஸ்டர் இசைக்குள் வந்தது, ஆனால் சுருதிக்காக. அந்தக் காலத்து நாயனக் கச்சேரியில் ஒருவர் ஒத்து ஊதுவார். நாகஸ்வரம் போலவே இருக்கும். விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. மூச்சை விடாமல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஒத்தை விட்டுத் தம்புராவை வைத்துக்கொண்டார். 1979-இல் பெங்களூரு ராஜ் நாராயண் மின்னணுச் சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தார். எச்.ஏ.எல்.லில் பொறியாளராக இருந்தவர், புல்லாங்குழலும் வாசிப்பவர். தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும் உங்கள் பிள்ளைகளுக்கு அவர்தான் முன்னோடி என்பேன். அவருடைய ராடெல் நிறுவனத்தின் பெட்டிகள் பல பாட்டு வகுப்புகளில் இடம்பிடித்தன.

சுருதி மாறாமல் நிற்க வேண்டியது. அதனால் இயந்திரத்துக்கு அது எளிது. தாளக் கருவி அப்படியல்ல.

1980-இல் ரோஜர் லின் என்ற அமெரிக்கர், நிஜ டிரம்ஸ் ஒலியைப் பதிந்து சில்லில் அடைத்து எல்எம்-1 என்ற கருவியை விற்றார். 1983-இல் மிடி வந்தது. அதில் ஒவ்வொரு தட்டுக்கும் 1 முதல் 127 வரை பலம் கொடுக்கலாம். 1989-இல் ஏ.ஆர்.ரகுமான் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி ஒலிப்பதிவுக் கூடம் கட்டியபோது இவையெல்லாம் கைக்கெட்டிவிட்டன. எல்லாத் தட்டுக்கும் ஒரே பலம் கொடுத்தால் இயந்திரம் என்று குழந்தையும் சொல்லிவிடும். ஒரு தட்டு மயிரிழை முந்த வேண்டும், இன்னொன்று பிந்த வேண்டும், பலம் கூடிக் குறைய வேண்டும்.

தவிலில் இது இன்னும் கடினம். வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள், தொப்பியில் கழி. அதைவிட, வித்வானின் கண் நாயனக்காரர் முகத்தில் இருக்கும். அவர் கார்வையில் நின்றால் இவர் அடக்குவார். கேட்டு அடிக்கிற கை அது.

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பல கோயில்களில் மோட்டாரில் ஓடும் முரசு-மணி இயந்திரத்தை வாங்கி மாட்டினார்கள். தீபாராதனைக்குச் சுவிட்சைப் போட்டால் போதும். சுருதிப் பெட்டி பாடகருக்குத் துணையாக நின்றது. இதுவோ தவில்காரரின் அன்றாட முறையையே எடுத்துக்கொண்டது. சுவாமி புறப்பாட்டு மல்லாரி என்ன, பள்ளியறை என்ன, அதற்கு ஒரே அடி.

உங்கள் வீட்டில் யாராவது தவிலைத் தட்டுத் தட்டாகப் பதிந்து கணினியில் ஏற்ற முயன்றால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், கேட்க ஆசை. பதிவுக்கு வாசிக்கும் வித்வானுக்கு முதலில் சன்மானம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.